பொம்மை ரயிலும் பிளாட்பாரமும்

எங்கள் வீட்டு மாடி அறையில் ஆறடிக்கு நாலடி பிளைவுட் பலகை ஒன்று, இரண்டு பெஞ்சுகளின் மேல் கிடக்கிறது. பலகையின் மேல் ஒரு ரயில் நிலையம், ஒரு பஸ் ஸ்டாண்டு, ஒரு கடைத்தெரு, எட்டு வீடுகள், ஒரு கோயில். ரயில் நிலையத்தின் மஞ்சள் பலகையில் ‘விளாத்திகுளம்’ என்று எழுதி வைத்திருக்கிறேன். விளாத்திகுளத்துக்கு ரயிலே கிடையாதே என்பீர்கள். அதனால்தான் செய்தேன்.

இந்த வட்டாரத்துக்கு ரயில் வந்து நூற்றைம்பது வருஷம் ஆகிறது. மதுரையிலிருந்து தூத்துக்குடித் துறைமுகத்துக்கு 1876-ல் ஓடத் தொடங்கிய மீட்டர்கேஜ் ரயில், சாத்தூர், கோவில்பட்டி, மணியாச்சி வழியாகப் போயிற்று. விளாத்திகுளம் கிழக்கே ஒதுங்கி நின்றுவிட்டது. இப்போது மதுரையிலிருந்து அருப்புக்கோட்டை வழியாகத் தூத்துக்குடிக்கு இன்னொரு பாதை போடுகிறார்கள். அந்தத் திட்டத்தில் நம் ஊருக்கும் ஒரு நிலையம் உண்டு. தெற்கே மீளவிட்டானிலிருந்து மேலமருதூர் வரை தண்டவாளம் போட்டாயிற்று. மிச்சம் வரும்போது வரட்டும் என்று என் பலகையில் நான் முந்திக்கொண்டேன்.

ரயில் மோகம் எனக்குப் பாண்டிச்சேரியில் பிடித்தது. 1962 ஆகஸ்ட் 16-ல் பிரெஞ்சு இந்தியா சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது எனக்குப் பதினோரு வயது. கூட்டல் கழித்தல்கூடப் பிரெஞ்சில்தான் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் தெருவில் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்கிய ஒரு சொல்தா இருந்தார். அவர் பிரான்ஸிலிருந்து கொண்டுவந்த பொம்மை ரயிலைத் தீபாவளிக்கும் கிறிஸ்துமஸுக்கும் மட்டும் வெளியே எடுப்பார். பெட்டியின் மேல் ‘ழூஎஃப்’ என்று எழுதியிருக்கும். ஜூரா மலைப் பக்கம் ஷாம்பஞோல் என்ற ஊரில் 1944-ல் ஆரம்பித்த கம்பெனி அது. நாங்கள் ஏழெட்டுப் பிள்ளைகள் தரையில் குப்புறப் படுத்து, கண்ணைத் தண்டவாளத்தின் மட்டத்துக்குக் கொண்டுவந்து பார்ப்போம். பின்னாளில் அவர் குடும்பம் பிரான்ஸுக்கே போனபோது இரண்டு பெட்டிகளை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். இஞ்சின் இல்லை. அறுபது வருஷம் கழித்துப் பேரன் இஞ்சின் வாங்கிக் கொடுத்தான்.

அரசாங்க குமாஸ்தாவாக முப்பத்தைந்து வருஷம் ஓட்டி, ஓய்வு பெற்று, மனைவியின் ஊரான விளாத்திகுளத்துக்கு வந்து சேர்ந்தேன். பக்கத்து இடைசெவலில் பிறந்த கி. ராஜநாராயணன் கரிசலிலிருந்து புதுச்சேரிக்குப் போய்த் தங்கிவிட்டார். நான் புதுச்சேரியிலிருந்து கரிசலுக்கு வந்தேன். கணக்கு நேராயிற்று.

விஷயத்துக்கு வருகிறேன். கோடை விடுமுறைக்கு வந்த பேரன், வாங்கி வந்த மனித பொம்மைகளைத் தெருவில் நிறுத்தப் போனான். ஒவ்வொன்றும் இரண்டு சென்டிமீட்டர் உயரம். ரோட்டில் நிறுத்தினால் பஸ் இடிக்கிறது. வீட்டு வாசலில் நிறுத்தினால் சாக்கடை. பொம்மைகளைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டான்: “தாத்தா, இந்த ஊர்ல ஆளுங்க எங்க நடப்பாங்க?”

நான் எல்லாம் செய்திருந்தேன். விளக்குக் கம்பம், குப்பைத் தொட்டி, டீக்கடை பெஞ்சு வரை. நடக்கிறவனுக்கு இடம் விட மறந்திருக்கிறேன்.

நடைபாதை என்று எழுதுகிறோம். வாயில் வருவது பிளாட்பாரம்தான். ரயில் வந்து நிற்கும் மேடையும் பிளாட்பாரம், ரோட்டோரத்துப் பாதையும் பிளாட்பாரம். இங்கிலீஷ்காரன் முதலாவதற்கு மட்டுமே அந்தச் சொல்லை வைத்திருக்கிறான். நாம் இரண்டுக்கும் வைத்துக்கொண்டோம். அந்தச் சொல்லும் இங்கிலீஷுக்குப் பிரெஞ்சிலிருந்து போனதுதான்: ‘ப்ளாத்-ஃபோர்ம்’, தட்டையான அமைப்பு. ரோட்டோரத்துப் பாதைக்குப் பிரெஞ்சுக்காரர்கள் சொல்வது ‘த்ரொத்துவார்’. குதிரை துள்ளுநடை போடுவதைச் சொல்லும் வினைச்சொல்லிலிருந்து வந்தது. குதிரை பெயரை வைத்து மனிதனுக்குப் பாதை போட்டிருக்கிறார்கள்.

அந்தப் பாதையும் அவர்களுக்குச் சுலபமாகக் கிடைத்துவிடவில்லை. கி.பி. 79-ல் எரிமலைச் சாம்பலில் புதைந்த பொம்பெயி நகரத்தைத் தோண்டியபோது, தெருவின் இருபுறமும் உயர்த்திக் கட்டிய நடைபாதையும், தெருவைக் கடக்கப் போட்ட படிக்கற்களும் கிடைத்தன. ரோமானியர்களுக்குத் தெரிந்தது பிறகு ஐரோப்பாவுக்கு மறந்துபோனது. பாரிஸில் 1607-ல் கட்டி முடித்த போன் நெஃப் பாலத்தில்தான் நடப்பவர்களுக்கென்று இருபக்கமும் உயர்ந்த பாதை வந்தது. அது பாலத்தில் மட்டும். தெருவில் வருவதற்கு 1781 வரை காத்திருந்தார்கள். ரூ த லொதேயோன் என்ற தெருவில், லண்டனைப் பார்த்துப் போட்டார்கள். அதுவரை பாரிஸ் தெருக்களின் நடுவில் சாக்கடை ஓடும். வண்டி வந்தால் சுவரோடு சுவராக ஒட்டி நிற்க வேண்டும். பிரபுவின் வண்டி சேற்றை அடித்துவிட்டுப் போகும்.

லண்டனில் என்ன நடந்தது என்பதுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. அங்கே முதலில் அவரவர் வீட்டு வாசலுக்கு முன்னால் அவரவரே கல் பாவ வேண்டும் என்று வழக்கம். பணக்காரன் நல்ல கல் போட்டான், ஏழை போடவே இல்லை. ஒருவன் உயரமாகப் போட்டான், அடுத்தவன் பள்ளமாக விட்டான். நடப்பவன் ஏறி இறங்கிச் சாக வேண்டியதுதான். 1762-ல் வெஸ்ட்மின்ஸ்டர் பகுதிக்கு ஒரு சட்டம் போட்டு, அந்த வேலையை வீட்டுக்காரர்களிடமிருந்து எடுத்து ஆணையர்களிடம் கொடுத்தார்கள். வரி வாங்கி, ஒரே மட்டமாக ஓரக்கல் வைத்துப் போட்டார்கள். பிரான்ஸிலும் 1845-ல் ஒரு சட்டம் வந்தது: நடைபாதைச் செலவை நகராட்சியும் வீட்டுக்காரரும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். ஆக, நடைபாதைக்குக் கல் கிடைக்காமல் இருந்ததில்லை. யார் பொறுப்பு என்று முடிவாகாமல்தான் இத்தனை நூறு வருஷம் போயிருக்கிறது. பைல் நகர்த்திப் பழகிய எனக்கு அதில் ஆச்சரியமே இல்லை.

நான் வளர்ந்த பாண்டிச்சேரியில் இதற்கு நேர்மாறான ஒன்றையும் பார்த்திருக்கிறேன். 1761-ல் ஆங்கிலேயர்கள் அந்த ஊரை இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். 1765 முதல் ழான் லா த லோரிஸ்தோன் காலத்தில் திரும்பக் கட்டினார்கள். கால்வாய்க்குக் கிழக்கே வெள்ளைக்காரத் தெருக்கள், மேற்கே தமிழர் தெருக்கள். கிழக்கே உயரமான மதில், மூடிய கதவு. மேற்கே ஒவ்வொரு வீட்டுக்கும் முன்னால் திண்ணை, திண்ணைக்கு முன்னால் மரத்தூண் நட்டு ஓடு வேய்ந்த தாழ்வாரம். வீட்டுக்கு வீடு தாழ்வாரம் அடுத்தடுத்து வருவதால், வெயிலிலும் மழையிலும் அதன் நிழலிலேயே தெருவில் பாதி தூரம் போய்விடலாம். நகராட்சி போட்ட பாதை அல்ல, வீட்டுக்காரன் ஊருக்கு விட்டுக்கொடுத்த இடம். எங்கள் அம்மா கடைக்குப் போய் வந்தது அந்த நிழலில்தான்.

இப்போது தாழ்வாரம் போய்விட்டது. வெஸ்ட்மின்ஸ்டர்காரன் 1762-க்கு முன்னால் செய்ததை நாம் இப்போது செய்கிறோம். நான் காலையில் நடக்கும் தெருவில் ஒரு வீட்டுக்கு இரண்டு படி ரோட்டில் நிற்கிறது, அடுத்த வீட்டுக்கு மோட்டார் பைக் ஏற்றும் சரிவு, மூன்றாவது வீட்டுக்கு மணல் குவியல்.

சரி, பலகைக்கு என்ன செய்வது? என் ரயில் எண்பத்தேழுக்கு ஒன்று அளவு. இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் 2012-ல் வெளியிட்ட வழிகாட்டி நெறியின்படி, நடப்பதற்குத் தடையில்லாத அகலம் குறைந்தது 1.8 மீட்டர் வேண்டும், ஓரக்கல் 15 சென்டிமீட்டருக்கு மேல் உயரக்கூடாது. எண்பத்தேழால் வகுத்தால் அகலம் 20.7 மில்லிமீட்டர், உயரம் 1.7 மில்லிமீட்டர். ரயில் பிளாட்பாரமோ நிஜத்தில் 76 முதல் 84 சென்டிமீட்டர் உயரம். என் பலகையில் ஒன்பது மில்லிமீட்டருக்கு மேல். பெயர் ஒன்றானாலும் ஒன்று மற்றதைப் போல ஐந்து மடங்கு உயரம்.

முதலில் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் வார்த்துப் பார்த்தேன். பாரிஸின் மோன்மார்த்ரு குன்றில் தோண்டிய ஜிப்சத்தால் பெயர் வாங்கிய பொருள், பாரிஸ் மாதிரி நடைபாதைக்குச் சரியாக வரும் என்று ஒரு நப்பாசை. இரண்டு மில்லிமீட்டர் கனத்தில் அது அப்பளமாக நொறுங்கியது.

அடுத்து கல்யாணப் பத்திரிகை. நம் பக்கத்தில் பத்திரிகை அட்டைக்குப் பஞ்சமில்லை. கெட்டியான அட்டையாகப் பார்த்து, 21 மில்லிமீட்டர் அகலத்தில் கீற்றுக் கீற்றாக வெட்டி, இரண்டு மூன்றை ஒன்றன்மேல் ஒன்றாக ஃபெவிகால் போட்டு ஒட்டி, மேலே புத்தகத்தை வைத்து ஒரு ராத்திரி விட்டால் பலகை மாதிரி நிற்கிறது. மை தீர்ந்த பால்பாயின்ட் பேனாவால் மூன்றரை மில்லிமீட்டருக்கு ஒரு கோடு அழுத்தினால் ஓரடிச் சதுரக் கற்கள் பாவியது போல் விழுகிறது. கத்தியால் கோடு போடாதீர்கள், அட்டை பிரிந்துகொள்ளும்.

ஓரக்கல்லுக்குக் கோவில்பட்டி கை கொடுத்தது. தீப்பெட்டி ஆபீஸ்களில் மருந்து முக்காத வெறுங்குச்சி கிடைக்கும். இரண்டு மில்லிமீட்டர் கனம். உப்புத்தாளில் நாலு இழுப்பு இழுத்தால் 1.7-க்கு வந்துவிடும். ஐந்து மில்லிமீட்டர் துண்டுகளாக நறுக்கி, ஒன்று கறுப்பு ஒன்று வெள்ளையாக வர்ணம் அடித்து வரிசையாக ஒட்டினேன். நானூற்றுச் சொச்சம் துண்டு. பிரான்ஸிலிருந்து வந்த பெட்டிகள் ஓடும் ஊருக்கு ஓரக்கல் கோவில்பட்டித் தீக்குச்சி.

வர்ணத்தில் எல்லோரும் செய்யும் தப்பை நானும் செய்தேன். சிமெண்ட் என்றால் சாம்பல் நிறம் என்று கறுப்பும் வெள்ளையும் கலந்து அடித்தேன். ரயில்வே பாலம் மாதிரி செத்துப்போய் இருந்தது. வாசலில் போய் உட்கார்ந்து ஒரு பழைய சிமெண்ட் பலகையைப் பார்த்தேன். அதில் மஞ்சள் இருக்கிறது, கொஞ்சம் பழுப்பு இருக்கிறது, நம் ஊரில் எல்லாவற்றின் மேலும் படியும் மண் தூசியும் இருக்கிறது. வெள்ளையில் துளி கறுப்பும் துளி காவியும் சேர்த்து அடித்து, காய்ந்தபின் தண்ணீர் விட்ட கறுப்பு மையைத் தூரிகையால் மேலே ஓட்டித் துணியால் துடைத்தேன். மை கோடுகளில் மட்டும் தங்கியது. கடைசியாகச் சாக்பீஸ் தூள். பளபளப்பு அடங்கியது.

ஓரத்து மண்ணுக்கு நிஜக் கரிசலையே துணியில் சலித்துப் பசையோடு பூசினேன். இரண்டே நாளில் அது வெடித்துவிட்டது. நனைந்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கிப் பிளக்கும். கரிசலின் குணம் அது. ஆனால் எண்பத்தேழுக்கு ஒன்று என்று மண்ணுக்குத் தெரியாதே! வெடிப்பில் பொம்மை மனிதன் இடுப்பு வரை புதைந்தான். எதிர்வீட்டு வேலைக்கு வந்திருந்த கொத்தனாரிடம் சொன்னேன். சிரித்தார். “சார், நெசத்துலயும் அப்படித்தான். கரிசல் மேல நேரா கல்லப் பாவுனா ரெண்டு மழைக்குத் தூக்கிரும். கரிசலத் தோண்டி எடுத்துட்டு, சரள் மண்ணு போட்டு இடிச்சுக் கெட்டிச்சுத்தான் பாவணும்.” பலகையிலும் அப்படியே செய்தேன். அடியில் மணல், மேலே சன்னமாகக் கரிசல் தூவல்.

எல்லாம் முடிந்தது என்று மனைவியைக் கூப்பிட்டேன்.

அவளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மூன்று வருஷத்துக்கு முன்னால் கடைத்தெருவிலிருந்து காய்கறிப் பையோடு ரோட்டோரமாக வந்துகொண்டிருந்தாள். பின்னால் வந்த பைக்கின் கைப்பிடி பையில் மாட்டி இழுத்துவிட்டது. ஓட்டிய பையன் நின்றான், பாவம், அழுதான். இடுப்பெலும்பு முறிந்து, ஆபரேஷன் ஆகி, இப்போது வாக்கர் வைத்து நடக்கிறாள். வீட்டிலிருந்து கோயில் முந்நூறு அடிதான். அவள் கோயிலுக்குப் போய் மூன்று வருஷம் ஆகிறது. அவளை மாடிக்கு ஏற்றுவது ஒரு திருவிழா. பேரன் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்.

நாற்காலியில் உட்கார்ந்து குனிந்து பார்த்தாள். நானூறு ஓரக்கல்லையும் பார்த்தாள். “நல்லாத்தான் இருக்கு. ஆனா இதுமேல நான் எப்பிடி ஏற?” என்று கேட்டாள். கொஞ்சம் கழித்து, “பூக்காரி எங்க உக்காருவா?” என்றாள்.

இந்த இரண்டு கேள்விக்கும் நாட்டின் உச்ச நீதிமன்றமே உட்கார்ந்து யோசித்திருக்கிறது. 1985-ல் ஓல்கா டெல்லிஸ் வழக்கில், பம்பாய் பிளாட்பாரவாசிகளை விரட்டுவது பற்றிய விசாரணையில், வாழும் உரிமைக்குள் பிழைக்கும் உரிமையும் அடங்கும் என்றது. ஆனால் பொது நடைபாதையை ஆக்கிரமிக்க யாருக்கும் உரிமை இல்லை, சட்ட முறைப்படி அகற்றலாம் என்றும் சொன்னது. தெருவோர வியாபாரிகளுக்கு 2014-ல் தனிச் சட்டமே வந்தது. நாற்பது வருஷம் கழித்து, 2025 மே 14-ல், நடப்பவனின் பக்கம் ஒரு உத்தரவு வந்தது: நல்ல நடைபாதை கிடைப்பதும் வாழும் உரிமையில் சேரும், அது மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தக் கூடியதாக இருக்க வேண்டும் என்று. சாலைப் பாதுகாப்புக்காக 2012-ல் அந்த வழக்கைப் போட்ட ராஜசேகரன், கோயம்புத்தூர் எலும்பு சிகிச்சை மருத்துவர். முறிந்த இடுப்புகளை அவர் எத்தனை பார்த்திருப்பார்!

மறுபடி உட்கார்ந்தேன். சரிவுப் பாதைக்கு ஒன்றுக்குப் பன்னிரண்டு என்பது கணக்கு. அரையடி ஏற ஆறடி நீளம் வேண்டும். பலகையில் 1.7-க்கு 20.7 மில்லிமீட்டர். கோயில் முன்னால் ஒன்று, பஸ் ஸ்டாண்டு முன்னால் ஒன்று, ஸ்டேஷன் வாசலில் ஒன்று. அட்டையைச் சீவிச் சரிவாக்கினேன். அங்கெல்லாம் ஒட்டிய தீக்குச்சிகளைப் பெயர்த்தேன்.

பூக்காரிதான் கஷ்டமாக இருந்தாள். அவளுக்கு ஒரு மீட்டர் விட்டால், நடக்கிற 1.8 மீட்டருக்கு வெளியே இன்னொரு பன்னிரண்டு மில்லிமீட்டர் வேண்டும். அதை ரோட்டிலிருந்துதான் எடுக்க வேண்டும். ரோட்டைக் குறைத்தபோது, கடைகளுக்கு முன்னால் நான் அழகாக நிறுத்தி வைத்திருந்த ஆறு கார்களுக்கும் இடமில்லாமல் போயிற்று. பேரனுக்கு முகம் சுருங்கிவிட்டது. கார்கள் அவன் வாங்கியவை. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு அவனே ஒவ்வொன்றாக எடுத்து ஸ்டேஷனுக்குப் பின்னால் இருந்த வெற்றிடத்தில் வரிசையாக நிறுத்தினான். “இறங்கி நடந்து வரட்டும் தாத்தா” என்றான்.

ரயில் விஷயத்தில் நான் நிறையப் பொய் சொல்லியிருக்கிறேன். நம் அகலப் பாதை 1,676 மில்லிமீட்டர். எண்பத்தேழால் வகுத்தால் 19.3 வர வேண்டும். பொம்மைத் தண்டவாளம் பதினாறரைதான். அதைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிட்டேன். நடைபாதையில் மட்டும் ஒரு மில்லிமீட்டரும் விடவில்லை.

நிஜ ஸ்டேஷன் வரும்போது அதற்கு ஒரு ரோடும் வரும். ரோடு போட்டு, கடை வந்து, அவரவர் படி கட்டிய பிறகு நடைபாதைக்கு இடம் கேட்டால் கிடைக்காது. லண்டன்காரர்களும் பாரிஸ்காரர்களும் அந்தப் பாடு பட்டவர்கள்தான். தரை காலியாக இருக்கும்போதே கேட்டுவிட வேண்டும். ஆகவே ஒரு மனு எழுதி வைத்திருக்கிறேன். முப்பத்தைந்து வருஷம் மற்றவர்கள் மனுவுக்கு நம்பர் போட்டவன், எனக்காக எழுதும் முதல் மனு. அகலம், உயரம், சரிவு, அடியில் சரள், பூக்காரிக்கு இடம் எல்லாம் நிஜ அளவில் எழுதி, பலகையை மேலிருந்து எடுத்த படம் ஒன்றை இணைத்திருக்கிறேன். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளில் நேரில் கொடுத்து ரசீது வாங்க வேண்டும்.

படத்தில், கோயிலுக்கு முன்னால் சரிவின் மேல் வாக்கர் பிடித்தபடி ஒரு பொம்மை நிற்கும். வாக்கர் ஸ்டேப்ளர் கம்பியை வளைத்துச் செய்தது. சேலைக்கு மஞ்சள் அடிக்கச் சொன்னாள், அடித்திருக்கிறேன்.